பயோடேட்டாவை அலங்கரிக்காதீர்கள், வேலையை அச்சிடுங்கள்

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்து, அதன் பின்னாலேயே ஒரு பிரிண்டரும் வந்துவிட்டால், முதல் வாரம் சாமி படங்களும் குழந்தைகளின் ஓவியங்களும் அச்சாகும். அடுத்த வாரம், வீட்டில் வேலை தேடும் பிள்ளை இருந்தால், பயோடேட்டா அச்சாகும். பக்கத்தைச் சுற்றி நீலக் கரை, மஞ்சள் நிறத்தில் தலைப்பு, மூலையில் ஒரு பூங்கொத்து. நடுவில் நட்சத்திரக் குறி போட்டு 'ஹார்டு ஒர்க்கர்', 'டீம் பிளேயர்' என்று ஒரு பட்டியல். கலர் மை இருக்கும்போது பயன்படுத்தாமல் விடலாமா என்று கேட்பீர்கள்.

தாராளமாக விடலாம் என்பது என் கருத்து. நான் பல ஆண்டுகள் டி.டி.பி. வேலை செய்தவன். மற்றவர்களுடைய பயோடேட்டாக்களை நூற்றுக்கணக்கில் டைப் செய்து கொடுத்திருக்கிறேன். பின்னர் ஒரு சிறிய அச்சகத்தில், ஆள் எடுக்கும் மேஜைக்கு மறுபக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: அச்சிட்ட தாள் வேலை வாங்கித் தர உதவும். ஆனால் அந்தத் தாளில் உங்களைப் பற்றிய புகழுரை இருந்தால் உதவாது. நீங்கள் செய்த வேலை இருந்தால் உதவும்.

இதை அழகு பற்றிய சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 'புரொபஷனல் பேக்கேஜ்' என்ற பெயரில் ஆர்ட் பேப்பரில் நான்கு பக்கப் பிரசுரம், லேமினேஷன் அட்டை, 100 விசிட்டிங் கார்டு என்று சேர்த்து விற்கும் கடைகளும் பயிற்சி மையங்களும் பல ஊர்களில் உண்டு. பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டுமே என்று கைமாற்று வாங்கி அதற்குப் பணம் கட்டிய ஒரு தகப்பனாரை எனக்குத் தெரியும். அவர் கையில் வந்த நான்கு பக்கங்களிலும், அந்தப் பையனுக்கு என்ன வேலை செய்யத் தெரியும் என்பது ஒரு வரிகூட இல்லை. பளபளப்பு மட்டும் இருந்தது.

நம் ஊரில் தனியார் வேலை எப்படிக் கிடைக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர் ஒருவர் சொல்லி அனுப்பினால் பாதி வேலை முடிந்துவிடும். அப்படிச் சொல்லி அனுப்ப யாரும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். சிபாரிசு இல்லாதவருக்கு அவர் செய்த வேலையே சிபாரிசு. அதைக் காகிதத்தில் கொண்டுபோய்க் கொடுக்க, உங்கள் வீட்டில் இப்போது வந்திருக்கும் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் போதும்.

காகிதம் எங்கே செல்லும், எங்கே செல்லாது?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். எல்லா இடத்துக்கும் காகிதம் ஏற்றதல்ல.

டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு போன்றவற்றுக்கு ஆன்லைனில்தான் விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு எழுதித்தான் உள்ளே போக வேண்டும். அங்கே உங்கள் அச்சுத் தாளுக்கு இடமே இல்லை. பெரிய கம்பெனிகளிலும் இன்டர்நெட் மூலம்தான் விண்ணப்பம் வாங்குகிறார்கள். பல இடங்களில் அதை முதலில் ஒரு சாப்ட்வேர்தான் பிரித்து அடுக்குகிறது. இரண்டு பத்தியாகப் பிரித்த பக்கம், டெக்ஸ்ட் பாக்ஸ், படத்துக்குள் எழுதிய எழுத்து இவையெல்லாம் அந்த சாப்ட்வேரைக் குழப்பக்கூடும். அங்கே கரை, பூ எதுவும் இல்லாத எளிய பைல்தான் நல்லது.

காகிதம் செல்லும் இடங்கள் வேறு. அம்பத்தூரிலும் ஓசூரிலும் உள்ள சிறிய தொழிற்கூடங்கள், கோவையின் பம்பு, மோட்டார் பட்டறைகள், திருப்பூரின் பின்னலாடை யூனிட்டுகள், சிவகாசி அச்சகங்கள், உங்கள் ஊர் தனியார் பள்ளி, ஆடிட்டர் ஆபீஸ், டிராவல்ஸ், மருந்து மொத்த விற்பனைக் கடை என்று பட்டியல் நீளும். இவற்றில் பெரும்பாலானவற்றில் எச்.ஆர். என்று தனியாக ஒரு பிரிவு கிடையாது. முதலாளியோ மேனேஜரோதான் ஆள் எடுப்பார். அவருக்கு மெயிலைத் திறந்து பார்க்க நேரம் இருக்காது. ஆனால் மேஜை மீது இருக்கும் தாள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஆள் தேவைப்படும் அன்று அந்தத் தாளைத்தான் தேடுவார்.

அடுத்தது, வேலைவாய்ப்பு முகாம்கள். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்கள் நடத்தும் முகாமுக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு மேஜை முன்னாலும் நீண்ட வரிசை. உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். நீங்கள் நகர்ந்ததும் அடுத்தவர் வந்து நிற்பார். மாலையில் அந்தக் கம்பெனிக்காரர் கட்டுக் கட்டாகப் பயோடேட்டாக்களை எடுத்துக்கொண்டு போவார். அந்தக் கட்டில் உங்கள் முகம் அவருக்கு நினைவிருக்காது; தாளில் இருப்பதுதான் நினைவிருக்கும்.

வேலை தேடுபவர்களுக்கான அமெரிக்க இணைய நிறுவனம் ஒன்று 2012-ல் கண் அசைவைப் பதிவு செய்யும் கருவியை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. ஆள் எடுப்பவர்கள் ஒரு ரெஸ்யூமை முதல் பார்வையில் சுமார் 6 விநாடிதான் பார்க்கிறார்கள் என்றது. 2018-ல் மறுபடி பார்த்தபோது அது 7.4 விநாடி. நம் ஊரில் இது 10 விநாடியாகவே இருக்கட்டும். அந்த 10 விநாடியில் 'ஹார்டு ஒர்க்கர்' என்ற சொல் கண்ணில் படவா, நீங்கள் கடைந்த ஓர் இரும்புத் தண்டின் போட்டோ கண்ணில் படவா?

சான்றுத் தாள்

பயோடேட்டா ஒரு பக்கம். அதோடு இன்னொரு ஏ4 தாள். இந்த இரண்டாவது தாளை நான் சான்றுத் தாள் என்று சொல்வேன். இதில் உங்கள் படிப்பு, பொழுதுபோக்கு, லட்சியம் எதுவும் வேண்டாம். நீங்கள் செய்த ஒரே ஒரு வேலை, அதைப் பார்த்தவுடன் புரியும்படி இருக்க வேண்டும். சில உதாரணங்கள் சொல்கிறேன்.

டேலி படித்தவர் என்றால், கற்பனையான ஒரு மளிகைக் கடைக்கு ஒரு மாதக் கணக்கு எழுதுங்கள். கொள்முதல், விற்பனை, ஜி.எஸ்.டி., கடைசியில் டிரையல் பேலன்ஸ். அதில் முக்கியமான பகுதியை ஒரு பக்கத்தில் அச்சிடுங்கள். மேலே 'பயிற்சிக்காகத் தயாரித்த மாதிரிக் கணக்கு' என்று தெளிவாகப் போட்டுவிடுங்கள். ஆடிட்டர் ஆபீஸில் இருப்பவருக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் கேள்வி கேட்கத் தோன்றும். 'இந்த என்ட்ரியை ஏன் இங்கே போட்டாய்?' என்று அவர் கேட்டுவிட்டால் இன்டர்வியூ சரியான வழியில் போகிறது என்று அர்த்தம்.

ஐ.டி.ஐ. முடித்த டர்னர் அல்லது சி.என்.சி. ஆபரேட்டர் என்றால், நீங்கள் கடைந்த ஒரு பாகத்தின் போட்டோ, பக்கத்தில் அதன் டிராயிங், கேட்ட அளவு எவ்வளவு, வந்த அளவு எவ்வளவு. '25 மி.மீ. தண்டு, கூட்டல் கழித்தல் 0.02 மி.மீ. அளவுக்குள் முடித்தது' என்ற ஒரு வரி பட்டறைக்காரருக்குப் போதும். நான்கு பக்கப் பிரசுரம் சொல்லாததை அது சொல்லிவிடும்.

டி.டி.பி. ஆபரேட்டர் என்றால், ஒரே நோட்டீஸை இரண்டு விதமாக அச்சிடுங்கள். இடது பக்கம், வாடிக்கையாளர் கையால் எழுதிக் கொடுத்தது போன்ற தாள். வலது பக்கம், நீங்கள் அமைத்துத் தந்தது. தமிழில் சந்திப் பிழை இல்லாமல் டைப் செய்பவருக்கு அச்சகங்களில் எப்போதும் மதிப்பு உண்டு. நான் மேஜைக்கு மறுபக்கம் இருந்தபோது முதலில் தேடியது அதைத்தான்.

ஆசிரியர் வேலைக்குப் போகிறவர், 40 நிமிட வகுப்பு ஒன்றுக்கான பாடத் திட்டத்தையும், கரும்பலகையில் வரையப் போகும் படத்தையும் ஒரே பக்கத்தில் தரலாம். புரோகிராமிங் படித்தவர், தான் எழுதிய சிறிய சாப்ட்வேரின் ஸ்கிரீன் ஷாட் ஒன்றும், அது யாருக்கு என்ன வேலையை மிச்சம் செய்கிறது என்று மூன்று வரியும் தரலாம். தையல் தெரிந்தவர், அளவுப் பட்டியலும் முடித்த உடையின் படமும் தரலாம்.

இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. லியோனார்டோ டா வின்சி சுமார் 1482-ல் மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்போர்சாவுக்கு வேலை கேட்டு ஒரு கடிதம் தயாரித்தார். அதில் முதலில் ஓவியத்தைப் பற்றி எழுதவில்லை. எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலம், பீரங்கி, கோட்டை முற்றுகை என்று தன்னால் செய்ய முடிந்தவற்றை வரிசையாகச் சொன்னார். அமைதிக் காலத்தில் கட்டடம் கட்டவும் சிலை செய்யவும் ஓவியம் வரையவும் முடியும் என்பது கடைசியில்தான் வருகிறது. அப்போது அந்த அரசருக்கு எது தேவையோ அதை முன்னால் வைத்தார். நீங்களும் ஒவ்வொரு கம்பெனிக்கும் அதற்கேற்ற தாளைக் கொண்டு போகலாம். கடையில் 100 பிரதி அச்சடித்துவிட்டால் இந்த மாற்றம் முடியாது. வீட்டு பிரிண்டரில் இன்று 3, நாளை 5 என்று மாற்றி மாற்றி அச்சிடலாம். வீட்டில் பிரிண்டர் இருப்பதன் உண்மையான லாபம் இதுதான்.

ஓர் எச்சரிக்கை. முன்பு வேலை பார்த்த இடத்தின் பில், வாடிக்கையாளர் பட்டியல், டிராயிங் இவற்றைச் சான்றாகக் காட்டாதீர்கள். 'நாளை என் கம்பெனிக் காகிதத்தையும் இவர் இப்படித்தான் வெளியே கொண்டு போவார்' என்றே எதிரே இருப்பவர் நினைப்பார். அப்படி நினைப்பதில் தவறும் இல்லை.

எதை எழுத வேண்டாம்?

நம் பயோடேட்டாக்களைப் பார்த்தால் பாதி, கல்யாணத் தரகருக்குக் கொடுக்கும் தாள் போலவே இருக்கிறது. தந்தை பெயர், தந்தையின் தொழில், மதம், ஜாதி, திருமணம் ஆனவரா, உயரம், எடை. இப்போது சிலர் ஆதார் எண்ணையும் சேர்த்துவிடுகிறார்கள். முதல் நாள் கொடுக்கும் தாளில் இவை எதுவும் தேவையில்லை. வேலை உறுதியான பிறகு கேட்டால், கேட்டவற்றை மட்டும் கொடுத்தால் போதும். ஆதார் நகல் கேட்டால், முதல் 8 எண்கள் மறைக்கப்பட்ட 'மாஸ்க்டு ஆதார்' இருக்கிறது. ஆதார் இணையதளத்திலேயே அதை டவுன்லோடு செய்து கொள்ளலாம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இருவர் நடத்திய ஆய்வு 2007-ல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் வெளியானது. இந்தியாவில் தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஒரே மாதிரியான தகுதிகளுடன், பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் அடுத்த கட்டத்துக்கு வந்த அழைப்புகள் குறைவாகவே இருந்தன. இதே போன்ற ஆய்வை அமெரிக்காவில், தமிழ்நாட்டில் பிறந்த பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதனும் மரியான் பெர்ட்ராண்டும் சிகாகோ, பாஸ்டன் நகரங்களில் செய்து 2004-ல் வெளியிட்டார்கள். வெள்ளையர் பெயர்களுக்குக் கறுப்பர் பெயர்களைவிடச் சுமார் 50 சதவீதம் அதிக அழைப்புகள் வந்தன. அதில் இன்னொரு கசப்பான முடிவும் உண்டு. ரெஸ்யூமின் தரத்தைக் கூட்டியபோது, அதன் பலன் கறுப்பர் பெயர்களுக்குக் குறைவாகவே கிடைத்தது.

எனவே நல்ல தாள் ஒன்று இருந்தால் எல்லாத் தடைகளும் நீங்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அது பொய். மனிதர்கள் மனதில் உள்ள பாரபட்சத்தைப் பிரிண்டர் சரி செய்யாது. ஆனால் உங்கள் ஜாதியையும் அப்பாவின் தொழிலையும் நீங்களாகவே எழுதிக் கொடுத்து, அதை வைத்து முடிவெடுக்க வழி செய்து தர வேண்டியதில்லை. அந்த வரிகள் இருந்த இடத்தில் உங்கள் வேலையை வையுங்கள். பார்ப்பவர் வேறு எதைப் பற்றியும் பேச முடியாதபடி அந்த வேலை நடுவில் இருக்கட்டும்.

பிரிண்ட் கொடுக்கும் முன்

கம்ப்யூட்டருக்குப் புதியவர்கள் தடுமாறும் சில இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பேப்பர் அளவு. வேர்டில் பக்கம் சில சமயம் 'லெட்டர்' என்ற அமெரிக்க அளவில் இருக்கும். அது 216 x 279 மி.மீ. நம் கடைகளில் கிடைக்கும் ஏ4 தாள் 210 x 297 மி.மீ. திரையில் ஒழுங்காகத் தெரிந்த பக்கம் அச்சில் ஓரம் வெட்டுப்பட்டோ, கீழே வெறுமையாகவோ வருவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். 'லே அவுட்' டேபில் 'சைஸ்' என்பதை கிளிக் செய்து ஏ4 தேர்ந்தெடுங்கள். பிரிண்ட் கொடுக்கும் விண்டோவிலும் ஏ4 என்று இருக்கிறதா என்று பாருங்கள். வேர்டு இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் இதே வேலையைச் செய்யலாம்.

இரண்டாவது, தமிழ் எழுத்து. பழைய வகை பாண்ட்களில் டைப் செய்த தமிழ், அந்த பாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் புரியாத குறியீடுகளாகத் தெரியும். யூனிகோடு தமிழில் டைப் செய்யுங்கள். முடித்ததும் 'சேவ் அஸ்' கொடுத்து பி.டி.எப். பைலாகவும் சேமித்துக்கொள்ளுங்கள். வெளியே ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்க வேண்டி வந்தால் பி.டி.எப். பைலையே கொடுங்கள். கடையில் செருகிய பென் டிரைவை வீட்டுக்கு வந்ததும் வைரஸ் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்யாமல் திறக்க வேண்டாம்.

மூன்றாவது, போட்டோ. அச்சில் படம் தெளிவாக வர ஓர் அங்குலத்துக்கு 300 பிக்ஸல் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 9 செ.மீ. அகலப் படத்துக்குச் சுமார் 1,060 பிக்ஸல் அகலம் தேவை. இப்போதுள்ள செல்போன் கேமராக்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. ஆனால் அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். 'டாகுமெண்ட்' ஆக அனுப்புங்கள், அல்லது கேபிள் மூலம் காப்பி செய்யுங்கள்.

நான்காவது, மை. பல இங்க்ஜெட் பிரிண்டர்களின் மை, வியர்வைக் கை பட்டாலும் மழைத்துளி பட்டாலும் கலையும். அச்சான தாளைச் சிறிது நேரம் உலரவிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போங்கள். லேசர் பிரிண்டரில் இந்தத் தொல்லை இல்லை. கறுப்பு எழுத்து போதும். நிறம் வேண்டுமென்றால் அது போட்டோவில் மட்டும் இருக்கட்டும். பக்கம் முழுக்க நிறம் பூசினால் மையும் தீரும், ஜெராக்ஸ் எடுத்தால் கறுத்தும் போகும்.

இதற்கு நான் சொல்லும் சோதனை எளிது. உங்கள் தாளை ஒரு முறை ஜெராக்ஸ் எடுங்கள். அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுங்கள். அதிலும் எல்லாம் படிக்க முடிந்தால் தாள் சரியாக அமைந்திருக்கிறது. ஏனென்றால் மேனேஜர் பிரதி எடுத்து முதலாளிக்குக் கொடுப்பார். கடைசியில் முடிவெடுப்பவர் பார்ப்பது அந்தப் பிரதியைத்தான்.

ஐந்தாவது, பேப்பர். சாதாரண 75 அல்லது 80 ஜி.எஸ்.எம். தாளே போதும். கொஞ்சம் கனமாக வேண்டுமென்றால் 100 ஜி.எஸ்.எம். வாங்கலாம். பளபளப்பான தாளும் லேமினேஷனும் வேண்டாம். அவற்றின் மீது பேனா எழுதாது. இன்டர்வியூவில் எதிரே இருப்பவர் உங்கள் தாளின் ஓரத்தில்தான் 'சம்பளம் கேட்டது இவ்வளவு', 'திங்கள் வரச் சொல்' என்று குறித்துக்கொள்வார். அதற்காக வலது ஓரத்தில் 3 செ.மீ. இடம் காலியாக விடுங்கள். உங்களுக்கு அது வெற்றிடம். அவருக்கு அது குறிப்பு எழுதும் இடம்.

விசிட்டிங் கார்டும் க்யூஆர் கோடும்

வேலையில் இல்லாதவருக்கு எதற்கு விசிட்டிங் கார்டு என்று சிலர் சிரிப்பார்கள். ஊரில் மெஸ் திறந்தால் பிட் நோட்டீஸ் போடுகிறோம். டியூஷன் எடுப்பவரும் எலெக்ட்ரீஷியனும் கார்டு வைத்திருக்கிறார்கள். வேலை தேடுபவர் வைத்திருப்பதில் என்ன தவறு? பேருந்தில், கல்யாண வீட்டில், ஒரு கடை வாசலில் யாராவது 'என்ன தம்பி படிச்சிருக்கே?' என்று கேட்டால், பயோடேட்டாவை நீட்ட முடியாது. கார்டை நீட்டலாம்.

பெயர், ஒரு போன் எண், ஒரு மெயில் முகவரி, என்ன வேலை தெரியும் என்று ஒரு வரி. அவ்வளவுதான். 'டேலி, ஜி.எஸ்.டி. கணக்குகள்' என்று போடுங்கள். 'வருங்காலத் தொழிலதிபர்' என்று போடாதீர்கள். 3.5 x 2 அங்குல அளவில் ஓர் ஏ4 தாளில் 10 கார்டுகள் அடங்கும். கனமான தாளைச் செருகும் முன் உங்கள் பிரிண்டர் எத்தனை ஜி.எஸ்.எம். வரை ஏற்கும் என்று அதன் மேனுவலில் பாருங்கள். 10 கார்டு அச்சிட்டு ஒரு மாதம் பாருங்கள். தீர்ந்தால் மேலும் 10. கடையில் 500 அடித்துவிட்டு, பின்னர் போன் எண் மாறி, கட்டோடு பரணில் கிடப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

தாளின் மூலையில் க்யூஆர் கோடு வைப்பதும் நல்ல பழக்கம்தான். ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனத்தில் 1994-ல் கார் உதிரி பாகங்களைக் கணக்கில் வைக்க உருவான இந்தக் கட்டம், இன்று டீக்கடைக் கல்லாவிலும் இருக்கிறது. எனவே எந்த முதலாளிக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நீங்கள் செய்த வேலையின் வீடியோ அல்லது முழு பைல் இருக்கும் இடத்துக்கு அது போகட்டும். குறைந்தது 2 செ.மீ. அளவில், சுற்றிலும் வெள்ளை இடம் விட்டு அச்சிடுங்கள். குரோம் பிரவுசரிலேயே ஓர் இணையப் பக்கத்துக்கு க்யூஆர் கோடு உருவாக்கும் வசதி இருக்கிறது. இலவசமாகத் தருகிறோம் என்று சொல்லும் சில தளங்களின் கோடுகள், முதலில் அவர்களுடைய தளத்துக்குப் போய், பிறகு உங்கள் பக்கத்துக்குத் திருப்பிவிடும். இலவசக் காலம் முடிந்ததும் அவை நின்றுவிடலாம். அச்சிட்ட தாளை யாராலும் திருத்த முடியாது என்பதை மறக்க வேண்டாம். கோடு வேலை செய்யாவிட்டாலும் தாள் மட்டுமே முழுமையாகப் பேச வேண்டும்.

கொடுத்த பிறகு

யாரிடம் எந்தத் தேதியில் எந்தத் தாளைக் கொடுத்தீர்கள் என்று எக்ஸெலில் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பத்தி போதும்: இடம், தேதி, கொடுத்தது யாரிடம், அடுத்து என்ன. வாட்ச்மேனிடம் கொடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள். அப்படிக் கொடுக்கும்போது உறையில் போட்டு, உறையின் மேல் எந்த வேலைக்கு என்பதைப் பெரிதாக எழுதுங்கள். கேட்டில் இருப்பவர் எந்த மேஜையில் வைப்பது என்று யோசிக்க வேண்டியிராது. ஒரு வாரம் கழித்து ஒரு முறை போன் செய்யுங்கள். 'கணக்குத் தாள் ஒன்று கொடுத்தேனே சார்' என்று சொன்னால் அவருக்கு ஞாபகம் வரும். 'பயோடேட்டா கொடுத்தேன் சார்' என்றால் வராது; அவர் மேஜையில் 50 பயோடேட்டா இருக்கும்.

உங்கள் எண் பலர் கைக்குப் போகிறது என்பதால் மோசடி அழைப்பும் வரும். வேலை தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று யார் கேட்டாலும், எவ்வளவு அழகான ஆர்டரை அனுப்பியிருந்தாலும், ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். பளபளப்பான காகிதத்தை நம்பக் கூடாது என்பது உங்களுக்கும் பொருந்தும்.

எல்லாம் செல்போனில் நடக்கும் காலத்தில் காகிதம் எதற்கு என்று கேட்கும் வாசகர்களுக்கு ஒரு பதில். செல்போனில் நடப்பதால்தான் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் வந்த பி.டி.எப். பைலின் மீது அடுத்த ஒரு மணி நேரத்தில் நூறு செய்திகள் வந்து விழுந்துவிடும். மேஜை மீதுள்ள தாளின் மேல் அவ்வளவு சீக்கிரம் எதுவும் விழுவதில்லை. பைலையும் அனுப்புங்கள், தாளையும் கொடுங்கள். ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்பதில்லை.

சான்றுத் தாளில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அதைத் தயாரிக்க உட்காரும்போதுதான், 'எனக்கு உண்மையில் என்ன செய்யத் தெரியும்?' என்ற கேள்வி எழும். பக்கத்தை நிரப்ப எதுவும் இல்லை என்று தெரிந்தால், இப்போதே தெரிந்ததே என்று அந்த வேலையைப் பழகுங்கள். ஒரு மாதக் கணக்கை எழுதிப் பாருங்கள், ஒரு பாடத்தைத் திட்டமிட்டுப் பாருங்கள். அதற்குச் செலவு உங்கள் நேரமும் சில தாள்களும்தான். கைமாற்று வாங்கி வாங்கும் பிரசுரத்தைவிட அது மலிவு. அதோடு, இன்டர்வியூவில் கேள்வி கேட்டால் பதில் உங்கள் வாயிலிருந்தே வரும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, கரையும் பூவும் இல்லாத ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறங்கள். நீங்கள் செய்த வேலைகளில் நன்றாக வந்த ஒன்றை அதன் நடுவில் வையுங்கள். கீழே மூன்று வரி விளக்கம், உங்கள் பெயர், போன் எண். 5 பிரதி மட்டும் அச்சிடுங்கள். திங்கட்கிழமை காலையில் அந்த ஐந்தையும் யார் யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்பதையும் இரவே எழுதி வைத்துவிடுங்கள்.